எந்த மோன்ஃபோர்? ஒரே ஊர்ப் பெயரில் வழி தவறாமல் இருக்க

ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம். இஸ்ரேலின் வடக்கே, மலைச்சரிவில், மோன்ஃபோர் என்று ஒரு பாழடைந்த கோட்டை. ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க் மாநிலச் சின்னத்தில் இருப்பது மொன்ட்ஃபோர்ட் பிரபுக்களின் செங்கொடி. ஐரோப்பிய வரலாற்றுக்குள் புதிதாக வருகிறவர்கள் இவை எல்லாம் ஒரே குடும்பத்தின் பெயர் என்று எளிதில் நம்பிவிடுகிறார்கள். நானும் வெகுநாள் நம்பினேன்.

வெறும் பெயர்க் குழப்பம்தானே என்று விட்டுவிட முடியவில்லை. 1210-ல் மினெர்வ் என்ற ஊரில் சுமார் 140 பேர் உயிரோடு எரிக்கப்பட்டபோது படைக்குத் தலைமை தாங்கியவர் ஒரு மோன்ஃபோர். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஏழைகளின் விடுதியில் ஊழியம் செய்த பாதிரியார் இன்னொரு மோன்ஃபோர். ஒருவர் கணக்கை இன்னொருவர் பேரில் எழுதிவிட்டால் அது இருவருக்குமே அநியாயம். அதனால், இந்தப் பெயர் எங்கே கண்ணில் பட்டாலும் நான் என்ன செய்கிறேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பிரித்துப் பாருங்கள்

பிரெஞ்சில் 'மோன்' என்றால் குன்று. 'ஃபோர்' என்றால் வலியது, அரண் உள்ளது. கடைசியில் எழுதப்படும் 'ட்' ஒலிக்காது. 'மோன்' என்பதில் வரும் 'ன்' மூக்கில் கரைந்துவிடும். ஆங்கிலேயர் அதையே 'மான்ட்ஃபோர்ட்' என்று முழுக்க உச்சரிப்பார்கள். ஜெர்மன் பேசுகிறவர்களும் 'ட்' விடமாட்டார்கள். இந்தக் கட்டுரையில் பிரெஞ்சு ஊரையும் ஆளையும் மோன்ஃபோர் என்றும், ஆங்கிலேய நாட்டு ஆளை மான்ட்ஃபோர்ட் என்றும், ஜெர்மன் வழியில் வந்ததை மொன்ட்ஃபோர்ட் என்றும் எழுதுகிறேன். இணையத்தில் தமிழில் தேடும்போது மாண்ட்போர்ட், மான்ட்போர்ட் என்ற எழுத்துகளையும் போட்டுப் பாருங்கள். பழைய லத்தீன் ஆவணங்களில் 'தெ மோன்ட்டே ஃபோர்ட்டி' என்று வரும். 'வலிய மலையைச் சேர்ந்தவர்' என்பது அதன் பொருள்.

பெயரின் பொருள் தெரிந்ததுமே பாதி விஷயம் புரிந்துவிடும். குன்றின் மேல் ஒரு கோட்டை கட்டினால் அதற்கு இதைவிட இயல்பான பெயர் என்ன இருக்கிறது? பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் ஆளாளுக்குக் குன்று தேடிக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே பெயரை வைத்தார்கள். இன்றும் பிரான்சில் மோன்ஃபோர் என்று தொடங்கும் ஊராட்சிகள் பத்துக்கு மேல் உண்டு. இத்தாலியில் மோன்ஃபோர்த்தே தால்பா, ஸ்பெயினில் மோன்ஃபோர்த்தே தெ லேமோஸ், நெதர்லாந்தில் ஒரு மொன்ட்ஃபோர்ட் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆக, பெயர் ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்.

பிறகு பெயரின் வாலைப் பிடியுங்கள்

பிரெஞ்சு ஊர்ப் பெயர்களில் பெரும்பாலும் ஒரு வால் இருக்கும். மோன்ஃபோர் என்று மட்டும் எழுதிய குறிப்பைப் பார்த்தால், அதன் வால் என்ன என்று தேடுங்கள்.

'சூர்' என்று வந்தால் அடுத்து வருவது பெரும்பாலும் ஆறு. மோன்ஃபோர்-சூர்-மெ, மெ ஆற்றங்கரையில், பிரான்சின் வடமேற்கே உள்ள பிரித்தானி பகுதியில் (பிரிட்டன் அல்ல) இருக்கிறது. மோன்ஃபோர்-சூர்-ரீல், ரீல் ஆற்றங்கரையில் நார்மண்டியில் இருக்கிறது. மோன்ஃபோர்-சூர்-அர்ஜான்ஸ் தெற்கே வார் மாவட்டத்தில். 'ஆன்' என்று வந்தால் அடுத்து வருவது வட்டாரம்: மோன்ஃபோர்-ஆன்-ஷலோஸ், தென்மேற்கே லாந்து மாவட்டத்தில் ஷலோஸ் வட்டாரத்து ஊர். சில சமயம் வாலில் நிற்பது ஆளின் பெயர். பாரிசுக்கு மேற்கே இருக்கும் மோன்ஃபோர்-லமோரி அப்படித்தான். அந்த ஊரை ஆண்ட குடும்பத்தில் அமோரி என்ற பெயர் தலைமுறை தாண்டி மறுபடி மறுபடி வந்தது.

வால் காலப்போக்கில் மாறவும் செய்யும். இன்றைய மோன்ஃபோர்-சூர்-மெ, பழைய நூல்களில் மோன்ஃபோர்-லா-கான் என்று இருக்கும். 'கான்' என்றால் பெண் வாத்து. தன் குஞ்சுகளோடு தேவாலயத்துக்கு வந்த வாத்தைப் பற்றி அந்த ஊரில் ஒரு கதை உண்டு. சார்த் மாவட்டத்து மோன்ஃபோர்-ல-ழெனுவா முன்பு மோன்ஃபோர்-ல-ரொத்ரு. எனவே இரண்டு நூல்களில் இரண்டு வால்களைப் பார்த்ததும் இரண்டு ஊர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வாலே இல்லாத மோன்ஃபோர்களும் உண்டு. ழெர், தூ, ஆல்ப்-தெ-ஓத்-ப்ரோவான்ஸ் போன்ற மாவட்டங்களில் வெறும் மோன்ஃபோர் என்றே ஊர்கள் இருக்கின்றன. அங்கே கைகொடுப்பது அஞ்சல் குறியீட்டு எண். ஐந்து இலக்கத்தில் முதல் இரண்டும் பொதுவாக மாவட்ட எண்ணாக இருக்கும். 78 என்று தொடங்கினால் இவ்லின், அதாவது மோன்ஃபோர்-லமோரி. 35 என்றால் பிரித்தானியின் இல்-எ-வில்லேன், அதாவது மோன்ஃபோர்-சூர்-மெ. 27 நார்மண்டியின் எர் மாவட்டம். 40 லாந்து. பயணச்சீட்டோ விடுதியோ பதிவு செய்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கட்டக்கூடாது. இந்த ஊர்கள் ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன.

அப்புறம் ஆண்டைக் கேளுங்கள்

ஊர் தெரியாவிட்டாலும் ஆண்டு தெரிந்தால் ஆளை ஓரளவு பிடித்துவிடலாம். 1066-ஐ ஒட்டி, இங்கிலாந்தை வென்ற வில்லியமின் கூட்டாளிகளில் ஒருவராக ஹியூ தெ மோன்ஃபோர் வந்தால் அவர் நார்மண்டிக்காரர், ரீல் ஆற்றங்கரை ஊர். 1200-லிருந்து 1270 வரை, சிலுவைப்போர், துலூஸ், லெஸ்டர் என்ற சொற்களோடு வந்தால் அநேகமாக மோன்ஃபோர்-லமோரி குடும்பம். 1341-க்குப் பிறகு பிரித்தானி டியூக் பதவியோடு வந்தால் அதே குடும்பத்தின் பெண்வழிக் கிளை. 1700-ஐ ஒட்டி, ஜெபமாலை, மறையுரை, ஏழைகள் என்று வந்தால் புனித லூயி மரி.

ஆண்டு தெரிந்தும் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர்: சைமன் தெ மோன்ஃபோர். பிரெஞ்சில் சிமோன். உலகம் முழுக்க அதிகம் குழப்பப்படுகிறவர்கள் இவர்கள் இருவரும்தான். கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம்.

தந்தை சைமன் நான்காம் சிலுவைப்போருக்குக் கிளம்பியவர். ஸாரா என்ற கிறிஸ்தவ நகரத்தையே படை தாக்கத் துணிந்தபோது, இது தகாது என்று விலகிப்போனார். அதே மனிதர்தான் 1209-லிருந்து தெற்கு பிரான்சில் கத்தாரியர்களுக்கு (திருச்சபை ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவினருக்கு) எதிரான சிலுவைப்போரில் தலைமை ஏற்று, மினெர்விலும் லவோரிலும் ஆட்களை எரிய விட்டார். 1213 செப்டம்பரில் ம்யுரே போரில் இவர் படையிடம் அரகோன் அரசர் இரண்டாம் பீட்டர் உயிரிழந்தார். 1218 ஜூன் 25 அன்று, துலூஸ் முற்றுகையின்போது கோட்டைக்குள்ளிருந்து எறியப்பட்ட கல் தலையில் பட்டு இறந்தார்.

மகன் சைமன் பிரான்சில் பிறந்தவர். பாட்டி அமிசியா இங்கிலாந்தின் லெஸ்டர் பிரபு குடும்பத்துப் பெண். அந்த உரிமையைக் கேட்டு 1230-ஐ ஒட்டி இங்கிலாந்து போனார். அரசர் மூன்றாம் ஹென்றியின் தங்கை எலினரை 1238-ல் மணந்தார். பிறகு அதே அரசருக்கு எதிராகப் பிரபுக்களைத் திரட்டி, 1264-ல் லூயிஸ் போரில் அவரையே சிறைப்பிடித்தார். 1265 ஜனவரியில் அவர் கூட்டிய நாடாளுமன்றத்துக்கு மாவட்டத்துக்கு இரண்டு வீரப்பிரபுக்களோடு நகரங்களின் பிரதிநிதிகளையும் அழைத்தார். மக்களவை வரலாற்றில் இவர் பெயர் வருவது அதனால்தான். 1265 ஆகஸ்ட் 4 அன்று ஈவ்ஷாம் போரில் கொல்லப்பட்டார். லெஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு 1992-ல் சூட்டப்பட்ட பெயர் இந்த மகனுடையது. இவருக்கும் ஒரு கறை உண்டு. லெஸ்டரிலிருந்து யூதர்களை வெளியேற்றியவர் இவர். நல்லது கெட்டது இரண்டையும் அந்தந்த ஆளின் கணக்கிலேயே வைத்துப் படியுங்கள்.

இவர்களை 'நான்காம் சைமன்', 'ஐந்தாம் சைமன்' என்று எண் போட்டுப் பிரிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தந்தையை ஒரு நூல் நான்காம் சைமன் என்கிறது, இன்னொரு நூல் ஐந்தாம் சைமன் என்கிறது. முன்னோர்களை யாரிடமிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். நான் கடைப்பிடிக்கும் முறை வேறு. இறந்த இடத்தை அடைமொழி ஆக்கிவிடுவேன். 'துலூசில் இறந்த சைமன்', 'ஈவ்ஷாமில் இறந்த சைமன்'. மரணம் ஒரு முறைதான் வருகிறது. அது மாறாது.

பிரித்தானியில் கவனம்

நான் வழி தவறியது இங்கேதான். 1341-ல் பிரித்தானி டியூக் வாரிசில்லாமல் இறந்தார். அவருடைய மாற்றாந்தாய் மகன் ழான் தெ மோன்ஃபோர் ஒரு பக்கம், தம்பி மகள் ழான் தெ பான்தியேவ்ரும் (பெண்ணின் பெயரும் தமிழில் ழான் என்றே வரும்) அவர் கணவர் சார்ல் தெ ப்லுவாவும் மறுபக்கம். இருபத்து மூன்று ஆண்டுகள் வாரிசுப் போர். பிரித்தானியில் நடந்த போர், பிரித்தானி டியூக் பதவிக்காக, மோன்ஃபோர் என்ற பெயருடைய ஒருவர் நடத்தியது. பிரித்தானியிலேயே மோன்ஃபோர்-சூர்-மெ என்று ஊர் இருக்கிறது. பிறகென்ன, அவர் அந்த ஊர்க்காரர்தான் என்று குறிப்பேட்டில் எழுதி, அதன்மேல் ஒரு பக்கம் விளக்கமும் எழுதிவிட்டேன். முழுக்கத் தவறு.

ழான் அந்தப் பெயரைத் தாயிடமிருந்து பெற்றார். தாய் யோலாந்த், பாரிசுக்கு மேற்கே இருக்கும் மோன்ஃபோர்-லமோரிக்கு உரிமையுள்ள சீமாட்டி. முதல் கணவர் ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் அலெக்சாண்டர். அவர் இறந்தபின் பிரித்தானி டியூக் ஆர்தரை மணந்தார். யோலாந்தின் தாய் பேயாட்ரிஸ், துலூசில் இறந்த சைமனின் கொள்ளுப்பேத்தி. பெண்கள் வழியாகவே பெயர் மேற்கு நோக்கி நடந்து, பிரித்தானியில் போய் உட்கார்ந்தது. மெ ஆற்றங்கரை ஊருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம்: பெயர் எங்கே புழங்குகிறது என்று பார்ப்பதோடு நிற்காமல், யார் கையிலிருந்து வந்தது என்று கேட்பது. குறிப்பாகத் தாயின் பக்கத்தைக் கேட்பது. வம்சப் படம் வரையும்போது ஆண்களை மட்டும் எழுதினால் இந்தப் பாதை கண்ணுக்கே தெரியாது.

போரின் போக்கிலும் ஒரு பெண்தான் நிற்கிறார். கணவர் ழான் 1341-ல் நான்ட் நகரில் பிடிபட்டார். மனைவி ழான் தெ ஃப்ளாந்தர் கையில் சிறு பிள்ளை. 1342-ல் என்பொன் என்ற ஊரின் கோட்டையில் முற்றுகையைத் தாங்கி நின்றார். எதிரிக் கூடாரங்களுக்குத் தீ வைத்ததால் 'தீக்கொழுந்து ழான்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து 1364 செப்டம்பர் 29 அன்று ஓரே போரில் வென்றார். சார்ல் அங்கேயே இறந்தார். (ஓரே என்பது ஊரின் பெயர். 'ஒரே' என்று படித்துவிட வேண்டாம்.) வென்ற மகனும் ழான்தான். பிரெஞ்சு நூல்களில் பெரும்பாலும் நான்காம் ழான். தந்தையையும் டியூக்காக எண்ணும் நூல்களில் ஐந்தாம் ழான். எண்ணை நம்ப வேண்டாம் என்று மறுபடியும் சொல்கிறேன்.

இந்த வம்சத்தின் கடைசி வாரிசு ஆன், பிரித்தானியின் சீமாட்டி, இரண்டு பிரெஞ்சு அரசர்களை அடுத்தடுத்து மணந்தவர், 1514-ல் இறந்தார். மோன்ஃபோர்-லமோரி குன்றின் மேல் இன்று எஞ்சி நிற்கும் கோபுரங்களில் ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. பாரிஸ் பக்கத்து ஊரில் பிரித்தானிக்காரியின் பெயர் எப்படி வந்தது என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

பெயரைத் தானே எடுத்துக்கொண்டவர்

சரி, மெ ஆற்றங்கரை மோன்ஃபோருக்குச் சொந்தமானவர் யார்? 1673 ஜனவரி 31 அன்று அங்கே பிறந்த லூயி மரி. குடும்பப் பெயர் க்ரீஞ்ஞோன். குடும்பப் பெயரை ஒதுக்கிவிட்டு, பிறந்து ஞானஸ்நானம் பெற்ற ஊரின் பெயரோடு தன்னை அழைத்துக்கொண்டார். மக்கள் 'மோன்ஃபோர் சாமியார்' என்றார்கள். பிரபுவின் பெயரில் வரும் 'தெ' நில உரிமையைக் காட்டுவது. இவர் பெயரில் வரும் 'தெ' வெறும் ஊரைக் காட்டுவது. ஒரே எழுத்து, இரண்டு வாழ்க்கை.

புவாத்தியே நகரின் ஏழைகள் விடுதியில் ஊழியம் செய்தார். 1706-ல் ரோமுக்கு நடந்தே போனார். போன்ஷாத்தோவில் ஊர் மக்களோடு சேர்ந்து மண் சுமந்து கட்டிய கல்வாரிக் குன்றை அரசின் உத்தரவால் இடிக்க வேண்டி வந்தது. 1716 ஏப்ரல் 28 அன்று சான்-லோரான்-சூர்-செவ்ர் ஊரில் 43 வயதில் இறந்தார். 1947-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. அவர் வழி வந்த செயின்ட் கேப்ரியல் சகோதரர்கள்தான் மான்ட்ஃபோர்ட் பெயரில் பள்ளிகளை நடத்துகிறவர்கள். 1917-ல் தொடங்கிய ஏற்காட்டுப் பள்ளியும், தாய்லாந்தின் சியாங் மாய் நகர மான்ட்ஃபோர்ட் கல்லூரியும், சிங்கப்பூரின் மான்ட்ஃபோர்ட் பள்ளியும் இந்த வழி. ஆகவே ஆசியாவில் ஒரு பள்ளிப் பலகையில் இந்தப் பெயரைப் பார்த்தால் முதலில் இந்தச் சாமியாரை நினையுங்கள். சிலுவைப்போர்ப் பிரபுவுக்கும் அந்தப் பள்ளிகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நம் பாடப்புத்தகத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தை 'மாண்ட்ஃபோர்டு சீர்திருத்தம்' என்று எழுதுவார்கள். மாகாணங்களில் இரட்டை ஆட்சி வந்தது, 1920 தேர்தலில் சென்னையில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது, எல்லாம் இதையொட்டித்தான். அந்தப் பெயர் எந்தக் குன்றிலிருந்தும் வரவில்லை. மாண்டேகு என்பதன் தலையையும் செம்ஸ்ஃபோர்டு என்பதன் வாலையும் ஒட்டியது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் லெஸ்டர் சைமனை இதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

பிரான்சுக்கு வெளியே

கலிலேயாவில் இருக்கும் மோன்ஃபோர் கோட்டை தியூத்தோனிய வீரத்துறவியரின் கோட்டை. அவர்கள் ஜெர்மானியர். அதை 'ஸ்டார்க்கன்பெர்க்' என்றார்கள். அதற்கும் 'வலிய மலை' என்றே பொருள். 1271-ல் எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் அதைப் பிடித்தார். இந்தக் கோட்டையை மோன்ஃபோர் குடும்பம் கட்டியது என்று எழுதத் தூண்டும் ஒரு காரணமும் உண்டு. அதே காலத்தில், அதே கடற்கரையில், டைர் நகரின் பிரபு ஃபிலிப் தெ மோன்ஃபோர். துலூசில் இறந்த சைமனின் தம்பி மகன். அவர் அந்தக் குடும்பம்தான், கோட்டை அவருடையது அல்ல.

ஆஸ்திரியாவின் மொன்ட்ஃபோர்ட் பிரபுக்கள் தனி வம்சம். ஃபெல்ட்கிர்ஹ், டெட்னாங் ஊர்களை ஆண்டவர்கள். நெப்போலியனின் தம்பி ஜெரோம் 1816-ல் 'மொன்ட்ஃபோர்ட் இளவரசர்' ஆனதும் இந்த வழியில்தான். பட்டத்தைக் கொடுத்தவர் அவருடைய மாமனார், வூர்ட்டெம்பெர்க் அரசர். டெட்னாங் அப்போது அவர் கையில் இருந்தது. பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சுப் பெயர், ஆனால் பட்டம் ஜெர்மன் நாட்டுப் பட்டம்.

நேரில் போகிறவர்களுக்கு

மோன்ஃபோர்-லமோரிக்குப் பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து 'N' தடத்துப் புறநகர் ரயிலில் போகலாம். நிலையத்தின் பெயரே 'மோன்ஃபோர்-லமோரி - மேரே'. நிலையம் பக்கத்து ஊரான மேரேயில் இருக்கிறது. அங்கிருந்து நடக்கவோ வண்டி பிடிக்கவோ நேரம் ஒதுக்கி வையுங்கள். மேலே ஏறினால் கோட்டை இடிபாடு, கீழே புனித பேதுரு தேவாலயத்தின் மறுமலர்ச்சிக் காலக் கண்ணாடி ஓவியங்கள். இசையமைப்பாளர் மோரிஸ் ராவெல் 1921-லிருந்து இந்த ஊரில் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். புனிதர் பிறந்த வீட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் ரென் நகரிலிருந்து மேற்கே போகும் ரயிலில் மோன்ஃபோர்-சூர்-மெ நிலையத்தில் இறங்க வேண்டும். இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்க்கத் திட்டம் போடாதீர்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. 'ஈவ்ஷாம் போரில் மான்ட்ஃபோர்ட் இறந்தார்' என்று ஒரு வரி உங்கள் கண்ணில் படுகிறது. ஆண்டு 1265, இடம் இங்கிலாந்து. சைமன் என்று உடனே எழுதத் தோன்றும். பேனாவைச் சற்று நிறுத்துங்கள். அன்று அதே களத்தில் சைமனின் மூத்த மகன் ஹென்றி தெ மான்ட்ஃபோர்ட்டும் இறந்தார். போடெசர் கோட்டையின் பீட்டர் தெ மான்ட்ஃபோர்ட்டும் இறந்தார். பீட்டர், 1258-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய நாடாளுமன்றத்துக்குத் தலைமை தாங்கியதாகச் சொல்லப்படுகிறவர். சைமனின் பக்கத்தில் நின்று, அவருக்காகவே போரிட்டவர். ஆனால் அவர் உறவினர் அல்ல, வேறு மான்ட்ஃபோர்ட் குடும்பம். அந்த வரிக்கு முன்னும் பின்னும் உள்ள பத்தியைப் படித்து, மூவரில் யார் என்று தெரிந்த பிறகு குறிப்பேட்டில் எழுதுங்கள்.